நடைவண்டி சொல்லும் பாடம்
மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான பயிற்சி மருத்துவத்தின் வரலாறு

குத்தாலம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கோயில் திருவிழாக் கடைகளில் மூன்று சக்கர மர நடைவண்டியை நாம் அனைவரும் கண்டிருப்போம். அந்த வண்டி குழந்தையை நடத்திச் செல்வதில்லை. குழந்தைதான் அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. விழுந்து, எழுந்து, மீண்டும் தள்ளிப் பழகுகிறது. இந்த எளிய உண்மையை மூளை முடக்குவாதத்தின் வகையில் மருத்துவ உலகம் உணர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மூளை முடக்குவாதம் என்பது என்ன? கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ, வளரும் மூளைக்கு நேரும் சேதத்தால் உடலசைவுகள் கட்டுப்பாடின்றிப் போகும் நிலையே அது. அடிப்படைப் பழுது தசையில் இல்லை. தசைக்கு வரும் கட்டளையில் இருக்கிறது. மூளையின் சேதம் வளர்வதில்லை, முற்றிலும் மறைவதுமில்லை. சில குழந்தைகளின் கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சிலருக்குக் கைகள் தம் போக்கில் அசையும்.

லிட்டிலும் ஃபிராய்டும்

இந்நோயை விரிவாக விளக்கியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு பாதம் கோணலான அவர், 1836இல் ஜெர்மனிக்குச் சென்று ஸ்ட்ரோமையர் என்ற மருத்துவரிடம் தசைநாண் அறுவை செய்துகொண்டு குணமடைந்தார். தம் துன்பமே அவரைக் கால் விறைத்த குழந்தைகளின்பால் திருப்பியது. கடினமான பிரசவமும் மூச்சுத் திணறலும் இந்நோய்க்குக் காரணம் என்று 1861இல் அவர் அறிவித்தார்.

1897இல் இதற்கு மறுப்புச் சொன்னவர், பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு. கருவிலேயே நேர்ந்த கோளாற்றின் அறிகுறியாகவும் கடினப் பிரசவம் இருக்கலாம் என்றார் அவர். பிரசவ மூச்சுத் திணறலால் வருபவை சிறு பகுதியே என 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டின. மருத்துவச்சியையும் கிரகணத்தையும் தாயையும் பழிப்போர் இதனை அறிதல் நலம்.

தளர்த்தும் கைகள்

ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி லண்டனில் குடியேறிய பெர்த்தா போபாத், பெர்லினில் உடற்பயிற்சி பயின்றவர். 1943இல் பக்கவாதம் கண்ட ஓவியர் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கையில், உடலின் நிலையை மாற்றினால் கையின் விறைப்புத் தளர்வதைக் கவனித்தார். மருத்துவரான கணவர் கரேல் போபாத்துடன் இம்முறையைக் குழந்தைகளுக்கும் வகுத்தார். பயிற்சியாளர் தம் கைகளால் விறைப்பை அடக்கி, சரியான அசைவை வரவழைப்பதே இதன் சாரம். உலகெங்கும் இது பரவியது. தசையை வலுப்படுத்தினால் விறைப்பு மிகும் என்ற அச்சமும் அக்காலத்தில் வேரூன்றியது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1952இல் பம்பாயில் இயன்முறை மருத்துவப் பள்ளி தோன்றியது. அப்போது முதற்கவலை போலியோ. மூளை முடக்குவாதத்துக்கெனத் தனி முயற்சி, பெற்றோரிடமிருந்தே எழுந்தது. இந்நிலையுள்ள மகளின் தாயான மிது ஆலூர், 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தை நிறுவினார். அம்மகள் மாலினி சிப் பின்னாளில் ஒரு விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையை நூலாக்கினார். உடல் முடங்கினால் அறிவும் முடங்கும் என எண்ணுவோர்க்கு இதுவே விடை.

சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய மையம் இன்று வித்யாசாகர் எனப்படுகிறது. அவரும் ஒரு தாயே. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இன்று அதன் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று, பயிற்சியைப் பெற்றோருக்கும் கற்றுத் தருகின்றனர். வாரம் ஒருமுறை நகரத்துக்குப் பேருந்தேறினால் சில நிமிடப் பயிற்சியே கிட்டும். வீட்டில் அது நாள்தோறும் நடக்கும்.

பயிற்சி மாறியது

1990களில் பழைய அச்சம் பொய்த்தது. தசைகளை வலுப்படுத்தினால் விறைப்பு மிகுவதில்லை, செயல்திறன் கூடலாம் என ஆய்வுகள் காட்டின. 2013இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர், சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்தனர். குழந்தை தானே முயன்று ஒரு குறிக்கோளுடன் செய்யும் பயிற்சிக்குப் பச்சை. ஒருபக்கம் பாதித்த குழந்தையின் நல்ல கையைச் சிறிது நேரம் தடுத்துவைத்து, மறுகையைப் பழக்கும் முறைக்கும் பச்சை. பிறர் கை அசைக்க, குழந்தை வாளாயிருக்கும் பழைய முறை தேறவில்லை.

காரணம் மூளையின் இயல்பில் உள்ளது. தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது குழந்தைக்கு இதமளிக்கலாம், நடை பழக்காது. தட்டிலிருந்து இட்லித் துண்டை எடுக்க நீளும் கை, கொல்லையில் இணையாகக் கட்டிய இரு மூங்கில்களைப் பிடித்து எழும் கால், இவையே பயிற்சி. எல்லாக் குழந்தையும் நடந்துவிடும் என்பதற்கில்லை. உட்காரவும் உண்ணவும் பள்ளி செல்லவும் முடிவதும் வெற்றியே. எப்பயிற்சி, எவ்வளவு என்பதை இயன்முறை மருத்துவரே வகுக்க வேண்டும். ஓடிவிடும் சாதாரண நடைவண்டி இக்குழந்தைகளுக்கு ஆபத்தாகலாம்.

நான்கு மாதம் கடந்தும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதமாகியும் உட்காராவிட்டால், ஓராண்டுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 'தானாகச் சரியாகும்' என்று காத்திருக்கும் மாதங்களே, மூளை மிக விரைந்து கற்கும் மாதங்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், இதை அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள்.