ஷவருக்கு டைல்ஸ்: 3டி படத்தில் சரியாக இருந்தது சுவரில் ஏன் மாறிப்போகிறது?

அமரவிளையில் உங்கள் வீடு எழும்புகிறது. நீங்களோ சென்னையிலோ துபாயிலோ வேலையில் இருக்கிறீர்கள். ஷவர் பகுதியை லேப்டாப்பில் வரைந்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் டைல்ஸ் பதிக்க வருபவர் தமிழ் பேசலாம், மலையாளமும் பேசலாம். இரண்டுக்கும் பொதுவான மொழி அளவுதான். படத்தில் அளவு இல்லையென்றால் எங்கே வெட்டுவது என்பதை அவரே முடிவு செய்வார். ஒருமுறை ஒட்டிவிட்டால், மாற்ற உடைத்துத்தான் ஆக வேண்டும்.

'ரெண்டுக்கு ஒண்ணு' என்றால் எவ்வளவு?

கடையில் 2-க்கு 1 அடி என்று கேட்டு வாங்கும் டைல் பொதுவாக 600-க்கு 300 மில்லிமீட்டர். ஆனால் 2 அடி என்பது 609.6 மி.மீ. மென்பொருளில் அடியில் வரைந்தால் பத்து டைலுக்கு 96 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட நாலு அங்குலம் பிசகும். ஆகவே மி.மீ.யிலேயே வரையுங்கள்.

இலவச மென்பொருளான ஸ்வீட் ஹோம் 3டி-யில் டைல் படத்தை டெக்ஸ்ச்சராகச் சேர்க்கும்போது அதன் அகலம், உயரம் கேட்கும். 2 மி.மீ. இடைவெளியும் படத்தில் இருந்தால் 602-க்கு 302 என்று கொடுங்கள்.

செங்கல் சுவரை அளந்தால் போதுமா?

போதாது. பூச்சு 12, பசை 4, டைல் 9 என்று வைத்தாலே ஒரு பக்கம் 25 மி.மீ. போய்விடும். 900 மி.மீ. அகல ஷவர் 850 ஆகிவிடும். கண்ணாடித் தடுப்புக்கு ஆர்டர் கொடுப்பது இந்த அளவைப் பார்த்துத்தான். அதுவும் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு மறுபடி அளந்துதான்.

அந்த 850-ல் 600 டைலை நடுவில் வைத்தால் இருபுறமும் 123 மி.மீ. துண்டுகள் வரும். இணைப்பை நடுவில் வைத்தால் 424 மி.மீ. அளவில் இரண்டு சமமான துண்டுகள். இரண்டையும் வரைந்து பாருங்கள். எது பிடித்திருக்கிறதோ, முதல் டைல் தொடங்கும் இடத்தை அதில் குறித்து அனுப்புங்கள்.

தரை வாட்டத்தை எப்படிக் காட்டுவது?

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஸ்வீட் ஹோம் 3டி-யில் அறையின் தரை சமதளமாகவே வரும். ஸ்கெட்ச்அப்பில் வாட்டம் கொடுக்கலாம்: நான்கு மூலைகளிலிருந்தும் தண்ணீர் போகும் துளைக்குக் கோடு இழுத்து, அந்தப் புள்ளியை மூவ் கருவியால் கீழே இறக்குங்கள். 1,200 மி.மீ. தூரத்துக்கு 60-க்கு 1 வாட்டம் என்றால் 20 மி.மீ. இறக்கம்.

வரைந்ததும் ஒன்று புரியும். துளை நடுவில் இருந்தால் தரை நான்கு பக்கமும் மடியும். பெரிய டைலைக் குறுக்காக வெட்ட வேண்டிவரும். சுவரோரம் நீளமான வடிகால் வைத்தால் ஒரே பக்க வாட்டம் போதும், பெரிய டைலும் பொருந்தும். நடுத்துளைதான் வேண்டுமென்றால் தரைக்குச் சிறிய டைல் எடுங்கள்.

அனுப்பும் முன்...

டைல் அளவு, இடைவெளி, முதல் டைலின் இடம், வாட்டத்தின் திசை, குழாய் வெளிவரும் உயரம். இந்த ஐந்தும் படத்தின் மேலேயே எண்ணாகவும் அம்புக்குறியாகவும் இருக்கட்டும்.

கசிவை மட்டும் எந்த 3டி படமும் காட்டாது. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் ஈரம் தெரியவில்லை என்று வீடியோ வந்த பிறகு டைல்ஸ் வேலையைத் தொடங்கச் சொன்னால் போதும்.