சிலேட்டுக்கல்லின் பிளவு: ஆய்வு வரலாறு

சிலேட்டுக்கல் அல்லது பலகைக்கல் என்பது களிமண் படிவுகள் புவிக்குள் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு உருவாகும் உருமாறிய பாறை ஆகும். இது மெல்லிய, தட்டையான தகடுகளாகப் பிளக்கும். கூரைத் தகடுகளும் பள்ளிச் சிலேட்டுகளும் இப்பண்பைக் கொண்டே செய்யப்பட்டன. இப்பிளவுக்கான காரணம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுண்ணோக்கியின் வழியாகத் தெரியவந்தது.

பிளவும் படிவுத்தளமும்

வட வேல்சின் பென்ரின், டினோர்விக் கல்குவாரிகளில் தொழிலாளர்கள் அகன்ற உளியையும் மரக் கொட்டாப்புளியையும் கொண்டு கற்பாளங்களை இரண்டிரண்டாகப் பிளந்து தகடுகளாக்கினர். கல் எத்திசையில் பிளக்கும் என்பது அவர்களுக்குப் பழக்கத்தால் தெரிந்திருந்தது. ஆனால், அதன் காரணம் அறிஞர்களுக்கும் விளங்கவில்லை.

சேறு அடுக்கடுக்காகப் படிந்ததே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பிளவுத்தளம் படிவு அடுக்குகளைக் குறுக்காக வெட்டிச் செல்லக்கூடியது என்பதை 1835-இல் ஆடம் செட்விக் விளக்கினார். படிகமாக்கும் விசையே இதற்குக் காரணம் என அவர் கருதினார். சிலேட்டில் உள்ள தொல்லுயிர் எச்சங்கள் உருக்குலைந்திருப்பதைக் கொண்டு, பாறை பிளவுத்தளத்துக்குச் செங்குத்தாக நசுக்கப்பட்டது என 1847-இல் டேனியல் சார்ப் முடிவு செய்தார்.

சோர்பியின் ஆய்வு

செஃபீல்டைச் சேர்ந்த என்றி கிளிஃப்டன் சோர்பி, பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். மலைகளை நுண்ணோக்கியால் ஆராய்வதா என்று பலர் ஏளனம் செய்தனர். எனினும் 1853-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். சிலேட்டில் உள்ள மைக்காத் துகள்கள் பெரும்பாலும் பிளவுத்தளத்துக்கு இணையாகப் படுத்திருந்தன. பிளவற்ற பாறையில் அவ்வாறு ஒழுங்கு இல்லை. இரும்பு ஆக்சைடு செதில்களைக் களிமண்ணில் கலந்து அவர் அழுத்தியபோது, செதில்கள் அழுத்தத்துக்குச் செங்குத்தாகத் திரும்பின. எனவே உளி துகள்களை உடைப்பதில்லை. அவற்றின் தட்டையான முகங்களுக்கிடையே உள்ள வலுக்குறைந்த வழியில் செல்கிறது. மணல் மிகுந்த பட்டைகள் சீராகப் பிளக்காததும் இதனால்தான்.

விவாதமும் இன்றைய விளக்கமும்

1856-இல் ஜான் டிண்டால் மெழுகை அழுத்திப் பிளவை உண்டாக்கி, மைக்கா இல்லாமலும் அழுத்தம் மட்டுமே போதும் என வாதிட்டார். அழுத்தம் வேதி மாற்றங்களையும் தூண்டும் என 1863-இல் சோர்பி எடுத்துரைத்தார். துகள்கள் திரும்புதல், அழுத்தத்தில் குவார்ட்சு கரைதல், புதிய மைக்கா ஒரே திசையில் வளர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே பிளவை உருவாக்குகின்றன என்பது இன்றைய விளக்கம்.

சோர்பியின் சீவல் முறையை ஜெர்மானியரான பெர்டினாண்டு சிர்கெல் கற்றுப் பரப்பினார். ஒருகாலத்தில் ஏளனத்துக்கு உள்ளான அம்முறை இன்று பாறையியலின் அடிப்படைப் பயிற்சியாக உள்ளது. வட மேற்கு வேல்சின் சிலேட்டு நிலப்பரப்பு 2021-இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.