இரணைமடுக்குளம்: வன்னி வறட்சியை வென்ற வகை

இரணைமடுக்குளம் இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய பாசனக் குளம். கொள்ளளவில் வட மாகாணத்திலேயே பெரியது. இப்பகுதியின் வரலாறு குளத்தினும் மிகப் பழையது. இலங்கையின் உலர்வலயத்தில் கற்கருவிகள் கிடைக்கும் மணல், சரளைப் படிவுகளைத் தொல்லியலாளர் ‘இரணைமடுப் படிவம்’ என்றே வகைப்படுத்துகின்றனர்; நாட்டின் தென்கடற்கரையில் அவ்வகைப் படிவில் கிடைத்த கருவிகளுக்குத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல சுமார் 125,000 ஆண்டு வயது கணித்தார். வேட்டையாடியவர்கள் நீர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தார்கள். பயிர் செய்தவர்களோ ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைத் தேக்கினால்தான் ஓரிடத்தில் தங்க முடிந்தது. வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்கள் காலத்து ஊர்களும் சிறு குளங்களை அண்டியே இருந்தன. ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேடு வெளியான 1895 அளவில், அவற்றுள் பல உடைந்து காடேறிக் கிடந்தன. ஹென்றி பார்க்கர் என்ற பாசனப் பொறியாளர் முன்வைத்த இப்பெருங்குளத் திட்டம் 1920களின் முற்பகுதியில் நிறைவேறியது.

வன்னியைக் குடியிருக்கத் தக்கதாக்கியது 1940களின் பிற்பகுதியில் வந்த டிடிடி மருந்தே என்று வாதிடுவோர் உண்டு. 1934–35 மலேரியாவின் கொடுமையை எண்ணினால் அவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது 1936இல். மருந்து வருமுன்பே குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்கள் வந்துவிட்டன. நுளம்பை ஒழித்தது குடியேற்றத்தை விரைவுபடுத்தியது. அதற்கு அடித்தளம் இட்டது நீரே.

அப்படியானால் வென்றது பொறியியல் மட்டுமா? அதுவும் முழு விடையன்று. மாரிகாலப் பயிரான காலபோகத்துக்கு மழை துணை நிற்கும். கோடைப் பயிரான சிறுபோகத்துக்குக் குளத்தில் எஞ்சிய நீரே கதி. எனவே துருசு (மதகு) திறக்குமுன் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடி, நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பதென முடிவெடுக்கிறார்கள். நீர் குறைந்த ஆண்டில் இரண்டு ஏக்கர் உள்ளவர் ஓர் ஏக்கரோ அதனினும் குறைவாகவோ விதைக்கிறார். ஒருவர் காணியில் மற்றவர் பங்கு விழுவதும் உண்டு. தன் வயலைத் தரிசாக விட ஒருவர் இசைவதால்தான் கடைவாய்க்கால் வரை நீர் போகிறது. கட்டின் உயரத்தைப் போலவே இந்த இசைவும் வறட்சிக்கு எதிரான அரண். இக்குளத்து நீரை யாழ்ப்பாணக் குடிநீருக்குக் கேட்டபோது விவசாயிகள் எதிர்த்ததைச் சிலர் தன்னலம் என்றார்கள். பங்கிட்டும் போதாத நீரைக் காக்கும் பொறுப்பே அது.

2009இல் முடிந்த போரில் வன்னி மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றத்துக்குப் பின் 2018இல் புனரமைப்பு முடிந்து குளத்தின் முழு நீர்மட்டம் 36 அடியானது. யாழ்ப்பாணக் குடிநீருக்கெனத் தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.