கடைசித் தட்டில் இருந்த முடிவு

டீன் ஏஜ் காதல் படம்னா உங்களுக்கு ஓடிடி. எங்க ராயப்பன்பட்டியில அது விசிடி. ஒரு விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும். ஒரு தமிழ்ப் படத்துக்கு ரெண்டு, மூணு தட்டு வேணும்.

'அலைகள் ஓய்வதில்லை' 1981-ல் வந்தது. பாரதிராஜா, இளையராஜா ரெண்டு பேருமே நம்ம தேனிப் பக்கம்தான். கதை, பிராமணப் பையன் மேல கிறிஸ்தவப் பொண்ணுக்கு வர்ற காதல். எங்களுது மாதா கோயில் ஊர். அக்காவை அந்த மாதிரிப் படத்துக்கு தியேட்டருக்கு யார் விடுவா? 2007 வாக்கில் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடி விற்க ஆரம்பிச்சுது. படம் வாங்குறது அவ்வளவு மலிவாச்சு. ஆனா தட்டு மாத்துற அந்த ஒரு நிமிஷம் இருக்கே! அம்மாச்சி கரெக்டா அப்பத்தான் "போதும், ஜெபமாலைக்கு நேரமாச்சு"ம்பாங்க.

முதல் தட்டுல பாட்டும் காதலும். அவன் பூணூலையும் அவ சிலுவையையும் கழற்றிப் போட்டுட்டுக் கிளம்புற முடிவு கடைசித் தட்டுல. அதை எங்க அக்கா பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம்.