இருளுக்கு ஒரு காவல்

காட்டுக்குக் காவல் போடுவதை நாம் அறிவோம். யானைக்கும் மானுக்கும் சரணாலயம் அமைப்பதையும் அறிவோம். ஆனால் இருளுக்கும் சட்டத்தின் காவல் வேண்டும் என்ற எண்ணம் மனித வரலாற்றில் மிகப் புதியது. கனடாவில் அந்த எண்ணம் வேரூன்றிய கதை, எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஓர் ஊருடன் தொடங்குகிறது.

ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள ரிச்மண்ட் ஹில்லில் 1935 மே 31 ஆம் திகதி டேவிட் டன்லப் வானியல் அவதான நிலையம் திறந்து வைக்கப்பட்டது. பேராசிரியர் கிளாரன்ஸ் சாண்ட் பல ஆண்டுகள் கண்ட கனவு அது. அதன் தொலைநோக்கியின் ஆடி 1.88 மீற்றர் விட்டமுடையது. அன்றைய உலகில் அளவில் இரண்டாவது. சுற்றிலும் பண்ணை நிலங்கள், இரவில் நல்ல இருள். போருக்குப் பின் நகரம் வடக்கு நோக்கிப் பரவியது. 1970 களின் தொடக்கத்தில் சிக்னஸ் எக்ஸ்-1 என்பது கருந்துளை என்பதற்கான சான்றைத் தாமஸ் போல்டன் இங்கிருந்தே கண்டறிந்தார் என்பது உண்மை. எனினும் வானம் ஆண்டுக்கு ஆண்டு வெளிறிக்கொண்டே வந்தது. 1995 இல் நகரசபை ஒளி மாசுக்கு எதிராக ஒரு துணைவிதியை இயற்றியது. காலம் கடந்துவிட்டது. 2008 இல் பல்கலைக்கழகம் நிலையத்தை மூடி நிலத்தை விற்றது. அதன் பின் அந்தக் கட்டடம் நகரசபையின் கைக்கு வந்து பாதுகாக்கப்படுகிறது. இழந்த இருள் திரும்பவில்லை.

இது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. 2016 இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, வட அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 80 வீதமானோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காணமுடியாத நிலையில் இருந்தனர்.

இந்த இழப்பை முன்னரே உணர்ந்தவர்கள் பொழுதுபோக்காக வானம் பார்ப்போரே. அவர்களது முயற்சியால் ரொறன்ரோவிலிருந்து சுமார் இரண்டு மணித்தியாலப் பயணத் தூரத்திலுள்ள ரொறன்ஸ் பாரன்ஸ் என்னும் பாறை நிலம் 1999 இல் கனடாவின் முதலாவது இருள்வானக் காப்பகமாயிற்று. பின்னர் கனடிய ரோயல் வானியல் சங்கம் இதனை ஒரு நாடளாவிய திட்டமாக்கியது. விளக்குகள் கீழ்நோக்கி மூடப்பட்டிருக்க வேண்டும்; தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவே எரியவேண்டும்; அயலூர் மக்களுக்கும் அது பற்றி எடுத்துரைக்க வேண்டும். நிபந்தனைகள் இவ்வளவு எளியவை. 2011 இல் ஜாஸ்பர் தேசியப் பூங்காவும் 2013 இல் வூட் பஃபலோ தேசியப் பூங்காவும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

வூட் பஃபலோவின் பரப்பு ஏறத்தாழ 44,800 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் மூன்றில் இரண்டு பங்கிலும் சற்று அதிகம். உலகின் மிகப் பெரிய இருள்வானக் காப்பகம் இதுவே. 60 ஆம் வட அகலக்கோடு இதனை ஊடறுத்துச் செல்கிறது. சூரியனிலிருந்து பாயும் மின்னேற்றத் துகள்களால் தூண்டப்பட்டு, பூமியின் காந்தப்புலத்தில் வேகம்பெறும் இலத்திரன்கள் மேல் வளிமண்டலத்தில் வந்து மோதுகின்றன. நூறு கிலோமீற்றருக்கு மேலே ஒட்சிசன் பச்சையாக ஒளிர்கிறது. இன்னும் உயரத்தில் அதுவே சிவப்பாகிறது. நைதரசன் நீலமும் ஊதாவும் சேர்க்கிறது. இதுவே வடதுருவ ஒளி. கோடையின் உச்சத்தில் இங்கு இரவு முழுதாக இருட்டுவதில்லை. ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரையுள்ள காலமே இதனைக் காண உகந்தது.

இந்த ஒளியை முதலில் கவனித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். ஆங்கிலேயரான சாமுவேல் ஹேர்ன், மட்டோனபி என்ற டெனேசுலினே தலைவரின் வழிகாட்டலில் 1770 முதல் 1772 வரை இந்த வடபுலத்தில் பயணஞ் செய்தவர். பூங்காவுக்கு வடக்கேயுள்ள கிரேட் சிலேவ் ஏரியை அந்தக் குளிர்காலத்திலேயே கடந்தார். நிலவில்லாத இரவிலும் சிறிய எழுத்தைப் படிக்கக்கூடிய அளவுக்குத் துருவ ஒளியும் விண்மீன்களும் வெளிச்சந் தந்தன என்று எழுதினார். அவரது நூல் அவர் மறைந்த பின் 1795 இல் வெளிவந்தது. டெனேசுலினே மக்கள் இந்த ஒளியை மானின் பெயரால் அழைத்ததாக அதில் ஒரு குறிப்பு உண்டு. காரணம் வியப்பானது. ரோமம் நிறைந்த மான்தோலை இருளில் கையால் வேகமாகத் தடவினால் மின்பொறிகள் பறக்கும். வானத்து ஒளியும் அத்தகையதே என்று அவர்கள் கண்டிருந்தார்கள். நோர்வே அறிஞர் கிறிஸ்தியன் பேர்க்லன்ட் துருவ ஒளியைச் சூரியனிலிருந்து வரும் மின்துகள்களுடன் தொடர்புபடுத்தியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1896 இல். மான்தோலின் பொறி விஞ்ஞானக் கோட்பாடு ஆகாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக இருளில் வாழ்ந்து கூர்ந்து பார்த்தவர்களின் அறிவு அது.

அந்த மக்களுக்கு நேர்ந்தது என்ன? 1899 இல் எட்டாம் உடன்படிக்கையில் கையொப்பமிட்டபோது, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் தமக்குள்ள உரிமை தொடரும் என்று அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்டது. 1922 இல் காட்டெருமைகளைக் காக்கவென்று பூங்கா பிரகடனமாயிற்று. 1925 முதல் 1928 வரை தெற்கேயிருந்து 6,600 க்கு மேற்பட்ட சமவெளி எருமைகள் கொண்டுவந்து விடப்பட்டன. அவை பீஸ் ஆற்றைக் கடந்து சென்றதும், 1926 இல் பூங்காவின் எல்லையும் அவற்றின் பின்னே தெற்கு நோக்கி நகர்ந்தது. அனுமதிச் சீட்டு முறை வந்தது. சீட்டுக் கிடைக்காதவர்கள் தம் முன்னோர் வேட்டையாடிய மண்ணுக்கு அந்நியரானார்கள். குடும்பங்கள் பிரிந்தன. எருமைகளுக்கும் நன்மை விளையவில்லை. புதிதாய் வந்தவை காசநோயைக் கொண்டுவந்தன. இந்த வெளியேற்றத்தின் கதையை அதபாஸ்கா சிப்வையன் முதியோர் வாய்மொழியாகக் காத்துவந்தனர். 2023 இல் அது நூலாகவும் வெளிவந்தது. மண்ணிலிருந்து அகற்றப்படுவது என்றால் என்னவென்று எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே, காப்பகம் என்ற சொல்லை நாம் சற்று நிதானித்தே உச்சரிக்க வேண்டும். இருளைக் காப்பது நல்ல பணி. ஆற்றில் கலந்த நஞ்சு நீங்கப் பல தலைமுறை செல்லும். வானில் கலந்த ஒளியோ விளக்கை அணைத்த அந்த இரவிலேயே நீங்கிவிடும். விளக்கை மூடச் சொல்லும் இன்றைய விதி எவரையும் வெளியேற்றவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த விதி காக்கும் நிலத்தின் எல்லைகள், மக்களைக் கேளாமல் வரையப்பட்டவை. வானத்தைக் காக்கத் தெரிந்த நாடு, அதன் கீழ் வாழ்ந்தவர்களின் உரிமையையும் பெயரையும் அதே அக்கறையோடு காத்தால்தான் அந்தக் காவல் முழுமை பெறும்.

2024 மே 10 ஆம் திகதி இரவு, இருபது ஆண்டுகளில் மிக வலிய காந்தப் புயல் வீசியது. வடதுருவ ஒளி தெற்கே வெகுதூரம் இறங்கி, ரொறன்ரோப் பகுதியிலும் தெரிந்தது. அத்தகைய இரவு அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் ரொறன்ஸ் பாரன்ஸின் பாறைமீது நின்று பால்வீதியைப் பார்க்கப் புயல் வேண்டியதில்லை. நிலவற்ற, முகிலற்ற ஓர் இரவு போதும். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கண் இருளுக்குப் பழக அரை மணித்தியாலமாகும். அதுவரை கைத்தொலைபேசியை அணைத்து வையுங்கள். காத்திருக்கும் அந்த நேரத்தில் மான்தோலின் கதையையும், அதைச் சொன்ன மக்களின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.