ஏரியல் முதல் டிஷ் வரை: ஜொகூர் வீடுகளுக்குத் தமிழ் அலைவரிசைகள் வந்த வழி



உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் தாமானில் வீட்டுக் கூரைகளைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். ஆஸ்ட்ரோ டிஷ் எல்லாம் ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மேற்குத் திசை, அதுவும் நன்றாக வானத்தைப் பார்த்தபடி. "ஏன் சார் எல்லாம் ஒரே பக்கம் இருக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டால், "அங்கிருந்துதான் சிக்னல் வருது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்குள் அறிவியலும் இருக்கிறது, நம் மாநிலத் தமிழர்களின் அறுபது ஆண்டு வரலாறும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்காக இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரிய டிஷ் என்றால் நிறைய அலைவரிசை, சின்ன டிஷ் என்றால் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நான்கு விஷயங்கள் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன: டிஷ் எந்தத் துணைக்கோளைப் பார்க்கிறது, எந்த அதிர்வெண்ணை வாங்குகிறது, அதற்கு அளவு போதுமா, வரும் படத்தைத் திறக்கும் சாவி நம்மிடம் இருக்கிறதா. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

சிங்கப்பூரைப் பார்த்த ஏரியல்

1963 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி கோலாலம்பூரில் நம் தொலைக்காட்சி தொடங்கியது. தென் ஜொகூர் மக்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். தரைவழி ஒளிபரப்பின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் குன்றில் இருக்கும் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலைக்கு நடுவில் இருக்கும் குறுகலான நீரிணை ஒரு தடையே இல்லை. கடவுச்சீட்டு இல்லாமலே ஜொகூர் பாருவுக்கு வந்துவிடும்.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால், அங்கே தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் இருந்தன. கம்பத்தில் மீன்முள் மாதிரி ஓர் ஏரியலைக் கட்டி, தெற்கே திருப்பினால் போதும். இங்கே ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தியும் வரும், அங்கே சிங்கப்பூர்த் தமிழும் வரும். 2000இல் அங்கு 'வசந்தம் சென்ட்ரல்' வந்தது. 2008 அக்டோபரில் 'வசந்தம்' தனி அலைவரிசையாகவே ஆனது. சிங்கப்பூர் 2019 தொடக்கத்திலும் மலேசியா அதே ஆண்டின் இறுதிக்குள்ளும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. இரண்டு நாடுகளும் ஒரே டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்ததால், அந்தப் பழைய உறவு அறுந்துபோகவில்லை.

கொல்லையை அடைத்த பெரிய டிஷ்

துணைக்கோள் வழி ஒளிபரப்பு என்ற எண்ணத்தை 1945இல் விளக்கி எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிறகு இலங்கையில் குடியேறி, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோளை வைத்தால், பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றும். கீழே இருப்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பிவைத்தால் போதும்.

நம் வட்டாரத்தில் இதை முதலில் செய்தது இந்தோனேசியா. 1976 ஜூலையில் அதன் 'பலாப்பா' துணைக்கோள் மேலே சென்றது. அது பயன்படுத்தியது 'சி பேண்ட்' எனப்படும் 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலை. வந்துசேரும் சிக்னல் மிகவும் பலவீனமாக இருக்கும். அதைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு, மூன்று மீட்டர் அகலமுள்ள டிஷ் வேண்டும். ஆனால் அதை வலைக்கம்பியிலேயே செய்யலாம். அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். கம்பி வலையின் ஓட்டைகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அலை வெளியே போகாமல் திரும்பிவிடும். இந்தியா 1975–76இல் சுமார் 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோள் வழிக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டியபோது, கோழிக்கூண்டுக்குப் பயன்படும் வலையில் செய்த டிஷ்களைத்தான் வைத்தார்கள்.

1990இல் ஏசியாசாட்–1, 1991இல் ஸ்டார் டி.வி., 1993 ஏப்ரல் 14ஆம் தேதி சன் டி.வி. என்று ஆசிய வானம் நிரம்பிக்கொண்டே வந்தது. தமிழகத்தில் தெருவுக்குத் தெரு கேபிள் போட்டுப் பார்த்தார்கள். இங்கே தனியார் டிஷ் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. தொழில்நுட்பம் தயார், நிகழ்ச்சி தயார், அனுமதி மட்டும் இல்லை. அந்த ஆண்டுகளில் நம் வீடுகளுக்குத் தமிழ்ப் படத்தைக் கொண்டுவந்தது வாடகை வீடியோ கேசட்தான்.

1996: கூரையில் ஏறிய சின்ன டிஷ்

1996 ஜனவரி 13ஆம் தேதி மலேசியாவின் முதல் துணைக்கோளான மீசாட்–1 தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ வந்தது. சிறிய டிஷ்ஷுக்குச் சட்டமும் வழிவிட்டது. தமிழுக்கென்றே ஆஸ்ட்ரோ வானவில் என்ற அலைவரிசை கிடைத்தது.

அறுபது சென்டிமீட்டர் டிஷ் எப்படிப் போதுமானது? இது 'கேயூ பேண்ட்'. அதிர்வெண் ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். துணைக்கோளும் தன் சக்தியை நம் நாட்டின் மேல் குவித்து அனுப்புகிறது. பரப்பளவைக் கணக்குப் போட்டால், மூன்று மீட்டர் டிஷ் இதைவிட 25 மடங்கு பெரியது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. குறுகிய அலையை மழைத்துளி எளிதாக விழுங்கிவிடும். மழை வந்தா ஆஸ்ட்ரோ போயிடும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும், காரணம் இதுதான். பெரிய சி பேண்ட் டிஷ்ஷுக்கு அவ்வளவு தொல்லை இல்லை.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். மீசாட் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரியில். ஜொகூர் பாரு இருப்பது ஏறக்குறைய 103.7 டிகிரியில். ஆகவே அது நமக்கு மேற்கே, தரையிலிருந்து சுமார் 75 டிகிரி உயரத்தில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டு டிஷ் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அவர்கள் பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருப்பதால், துணைக்கோள் அவர்களுக்கு வானத்தில் தாழ்வாகத் தெரியும்.

சுருக்கமாக:

• கூரை ஏரியல்: ஆர்.டி.எம். முதலிய உள்நாட்டுத் தரைவழி அலைவரிசைகள். தென் ஜொகூரில் சிங்கப்பூரும் சேர்த்து. கட்டணம் இல்லை.
• பெரிய சி பேண்ட் டிஷ்: திருப்பும் திசையைப் பொறுத்துப் பல நாட்டுத் துணைக்கோள்கள். பூட்டாத அலைவரிசைகள் மட்டும் தெரியும்.
• சிறிய கேயூ பேண்ட் டிஷ்: ஒரே துணைக்கோள் இடம். டிகோடரும் கார்டும்தான் சாவி. கட்டிய தொகுப்புக்கு ஏற்ற அலைவரிசைகள். 2012இல் வந்த 'என்ஜாய்' அதே டிஷ்ஷில் மாதக் கட்டணமின்றிச் சிலவற்றைத் தருகிறது.

யார் கையில் இருந்தது?

ஏரியல் காலத்தில் நமக்கு என்ன தெரிந்தது என்பதைப் புவியியல் முடிவு செய்தது. பெரிய டிஷ் காலத்தில் சட்டம். சின்ன டிஷ் காலத்தில் நிறுவனமும் சந்தாவும். இப்போது இணையம் வழியாகவும் பெட்டி வருகிறது, டிஷ்ஷே வேண்டாம். தமிழகத்து நாடகம், சிங்கப்பூர்ச் செய்தி, உள்ளூர் நிகழ்ச்சி எல்லாம் ஒரே கைப்பேசிக்குள் இருக்கின்றன. ஒரு பிள்ளை வீட்டில் எந்த ஊர்த் தமிழைக் கேட்டு வளர்கிறது என்பதில் கூரைக்கு ஒரு பங்கு இருந்தது. வகுப்பில் ஒருவன் "கதைக்கிறான்" என்பதும், இன்னொருவன் "பேசறான்" என்பதும், மற்றொருவன் செய்தித் தமிழில் பேசுவதும் காரணமில்லாமல் வருவதில்லை. அதில் குடும்பத்தின் ஊருக்கும் இடமுண்டு, தொலைக்காட்சிக்கும் இடமுண்டு.

வகுப்பில் செய்ய (ஆண்டு 5, 6)

1. திசைகாட்டியைக் கொண்டு பள்ளியைச் சுற்றியுள்ள பத்து டிஷ்களின் திசையைத் தரையில் நின்றபடியே குறிக்கச் சொல்லுங்கள். கூரை ஏற வேண்டாம். வேறு திசையில் ஒன்று இருந்தால், ஏன் என்று விவாதியுங்கள்.

2. மழை நாளில் படம் நின்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒரு வாரம் எழுதிவரச் சொல்லுங்கள்.

3. தாத்தா, பாட்டியிடம் மூன்று கேள்விகள்: முதலில் டி.வி. பார்த்தது யார் வீட்டில்? ஏரியல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? அதில் கேட்ட தமிழ் நிகழ்ச்சி எது?

மூன்றாவது வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தோட்டத்து லயன் வீடுகளில் ஊரே கூடி டி.வி. பார்த்த தலைமுறை மூப்படைந்துவிட்டது. டிஷ்ஷின் விவரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அவர்கள் சொல்லப்போகும் விவரம் மாணவனின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும்.