வத்தராசே ஆறும் அசியோச் செம்பும்

யப்பான் நாட்டு ஆறுகள் பெரும்பாலும் நீளத்திற் குறைந்தவை, வேகத்தின் மிக்கவை. நாட்டின் நடுவே முதுகெலும்புபோற் கிடக்கும் மலைகளினின்று வீழ்ந்து, சிறிது தூரமே சமவெளியில் நடந்து, கடலுட் புகுவன. அவற்றுட் சிலவற்றின் பெயரை நம் மாணவர் நீர்மின்வலுவைப் பற்றிய பாடத்திற் படித்திருப்பர். வத்தராசே என்னும் பெயரை அங்குக் காண்டல் அரிது. அது தானாகக் கடலை அடையும் ஆறுமன்று. தொனே என்னும் பேராற்றின் கிளையாறு. அதன் நீளம் ஏறக்குறைய 108 கிலோமீற்றர் மாத்திரமே. எனினும், கைத்தொழிலாக்கம் ஒரு நாட்டுக்கு எதனைத் தந்து எதனைக் கொண்டது என்று ஆராய்பவன் இச்சிற்றாற்றை விடுத்து அவ்வாராய்ச்சியை நடத்தல் இயலாது.

தொச்சிகி, குன்மா என்னும் இரு மாகாணங்களின் எல்லையில் 2,144 மீற்றர் உயர்ந்து நிற்கும் சுக்காய் மலையில் இவ்வாறு பிறக்கின்றது. அசியோப் பள்ளத்தாக்கின் ஊடாக இறங்கி, கிரியூ நகரின் அருகே குவாண்டோச் சமவெளியில் இறங்குகின்றது. கிரியூவும் அதற்குக் கீழேயுள்ள அசிக்காகாவும் பட்டு நெசவிற் பேர்பெற்ற ஊர்கள். அப்பாற் சானோ நகர்ப்புறத்தைக் கடந்து, தாழ்ந்த சதுப்பு நிலமொன்றின் வழியே தொனேயோடு கலக்கின்றது. இக்கூட்டு இயற்கை வகுத்ததன்று. முற்காலத்தில் வத்தராசே தெற்கு நோக்கி ஓடி எடோ விரிகுடாவில் விழுந்தது. தொக்குகாவா ஆட்சியாளர் தம் தலைநகரை வெள்ளத்தினின்று காத்தற்கும் படகுப் போக்குவரத்துக்கும் வேண்டி 1621 ஆம் ஆண்டில் தொனேயை வத்தராசேயுடன் இணைத்தனர். 1654 இல் அந்நீரைக் கிழக்கே பசிபிக் சமுத்திரத்துக்குத் திருப்பினர். இதனை மறவாதிருத்தல் வேண்டும். தலைநகரின் பாதுகாப்புக்காக ஆற்றின் போக்கை மாற்றுவது அந்நாட்டிற் பழைய வழக்கம். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கும் அவ்வழக்கம் ஒரு காரணமாயிற்று.

அசியோவிற் செம்பு கண்டறியப்பட்டது 1610 ஆம் ஆண்டில் என்பர். சுரங்கம் எடோ அரசின் நேர்ப்பார்வையின்கீழ் வந்தது. நிக்கோவிலுள்ள தொக்குகாவாக் கோயிற் பணிக்கும் எடோக் கோட்டைக்கும் அச்செம்பு சென்றது. 1741 இல் அங்கேயே காசும் வார்த்தனர். ஒரு பகுதி நாகசாக்கித் துறையினின்று ஒல்லாந்தர் கப்பலேறிற்று. ஒல்லாந்தக் கம்பனி யப்பானியச் செம்பைச் சோழமண்டலக் கரையிற் பெருந்தொகையாக விற்றதென்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. பதினேழாம் நூற்றாண்டில் நம் மூதாதையர் வீட்டுச் செம்புப் பாத்திரங்களுள் ஏதேனுமொன்று அசியோ மலையின் வயிற்றினின்று வந்திருத்தலுங்கூடும்! நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அச்சுரங்கம் வறண்டு, கைவிடத்தக்க நிலையை எய்தியிருந்தது.

1877 இல் புருக்காவா இச்சிபேய் என்னும் வணிகர் அதனை வாங்கினார். பிறர் நகைத்தனர். 1881 இலும் 1884 இலும் வளமிக்க தாதுப் படைகள் வெளிப்பட்டன, நகைப்பு அடங்கிற்று. அசியோ யப்பானின் செம்புச் சுரங்கங்களுள் முதலிடம் பெற்றது. 1888 இல் யாடின் மதிசன் என்னும் ஆங்கில வணிக நிறுவனத்துடன் 19,000 தொன் செம்பு கொடுப்பதற்கு ஒப்பந்தமாயிற்று. 1890 இல் சுரங்கத்துக்கென நீர்மின்னிலையம் எழுந்தது. புருக்காவாவை ஒரு கொடியவராகத் தீட்டிவிடல் எளிது, அது வரலாறாகாது. அந்நியச் செலாவணிக்கும் படைக்கலத்துக்கும் செம்பை நம்பியிருந்த மெய்சி அரசு, அவர் செய்ததையே செய்யும்படி விரும்பிற்று.

இனி ஆற்றுக்கு நேர்ந்ததைக் காண்போம். சுரங்கத்துக்கு முட்டு வேண்டும். உலைக்கு விறகும் கரியும் வேண்டும். அவற்றுக்காக மேற்பள்ளத்தாக்கின் காடுகள் வெட்டப்பட்டன. 1887 இல் பெருந்தீயொன்று எஞ்சியவற்றுட் பலவற்றை உண்டது. உலையினின்று எழுந்த கந்தகவீரொட்சைட்டுப் புகை பள்ளத்தாக்கிற் படிந்து, தளிர்க்க முயன்றதையும் கருக்கிற்று. உலைக்கு மேற்புறத்திருந்த மற்சுக்கி என்னும் ஊரிற் பயிர்களும் பட்டுப்புழு வளர்த்தற்குரிய முசுக்கட்டை மரங்களும் பட்டன. 1902 இல் அவ்வூரே காலியாயிற்று. வேரற்ற மலையில் மண் தங்குமா? மழைதோறும் அது கரைந்து ஆற்றை அடைந்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. முன்னெல்லாம் கரைக்குள் அடங்கிய நீர் கரையை மீறியது. சுரங்கத்தின் கழிவுமண்ணும் செம்பு கலந்த நீரும் அதே வெள்ளத்துடன் சமவெளிக்கு வந்தன.

சமவெளி உழவருக்கு வெள்ளம் புதியதன்று. அதனை அவர் முற்றும் வெறுத்தவருமல்லர். காட்டிலைகள் மக்கிய வண்டலை ஆறு வயலிற் பரப்பிச் செல்லும். அடுத்த போகத்துக்கு எரு அதிகம் வேண்டியதில்லை. ஒருமுறை வெள்ளம் அழித்ததை மறுமுறை வண்டல் ஈடுசெய்யும். இக்கணக்கே அவர்தம் வேளாண்மையின் அடிப்படை. வண்டல் நஞ்சாக மாறியபோது அக்கணக்கு முறிந்தது. முதலில் அறிந்தவை மீன்கள். 1885 இல் அயு என்னும் ஆற்றுமீன்கள் திரளாக மடிந்த செய்தி பத்திரிகையில் வந்தது. 1890 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்பின் நெல் வேரழுகி நின்றது. வேளாண்மைக் கல்லூரி ஆசிரியர் கோசாய் யொசினாவோ மண்ணை ஆராய்ந்து, கேட்டுக்குக் காரணம் செம்புச் சேர்வைகளே என அறிவித்தார்.

அவ்வறிவிப்புக்குப் பின்னும் அரசினர் தயங்கினர். சுரங்கத்தார் மாகாண அதிகாரிகளை நடுவராகக் கொண்டு உழவருடன் உடன்படிக்கை செய்தனர். சிறு தொகை கொடுக்கப்படும். தாதுத்தூளைப் பிடிக்கும் கருவி பொருத்தப்படும். 1896 யூன் முடியும்வரை எவரும் முறையிடலாகாது. தவணை முடிந்தது. அவ்வாண்டு யூலை, ஓகத்து, செத்தெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலும் வெள்ளம் பெருகி, முன்னெப்போதிலும் பரந்த நிலத்தை நஞ்சூட்டிற்று. கருவியின் தகுதியைச் சோதிக்க இதனினும் கொடிய தேர்வு வேண்டுவதில்லை!

உழவர் பொருட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்தவர் தனாக்கா சோசோ. அவர் 1841 இல் இன்றைய சானோ நகரைச் சார்ந்த கொனாக்கா என்னும் ஊரிற் பிறந்தவர். 1890 இல் நிகழ்ந்த முதற் பொதுத் தேர்தலில் வென்றவர். 1891 திசெம்பரில், குடிகளின் உடைமை மீறப்படலாகாது எனக் கூறும் அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்பை எடுத்துக்காட்டி, சுரங்கத்தை நிறுத்தாமை ஏன் என வினவினார். விடைகூற வேண்டிய அமைச்சர் முத்சு முனேமித்சு. அவருடைய இரண்டாம் மைந்தர் புருக்காவாவின் சுவீகார புத்திரர்! 1897 இல் அரசு 37 விதிகள்கொண்ட கட்டளை பிறப்பித்தது. படிவுக் குளங்களும் புகைகழுவும் கோபுரமும் எழுந்தன. கோபுரம் பயன்படவில்லை. புகையினின்று கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் செம்மையான முறை அசியோவிற்கு வந்தது 1956 இலேதான்.

உழவர் கால்நடையாகத் தலைநகர் நோக்கிப் பலமுறை புறப்பட்டனர். 1900 பெப்ரவரி 13 ஆம் நாள், தொனேக் கரையிலுள்ள காவாமத்தாவிற் பொலிசார் அவர்களைத் தடுத்து அடித்தனர். 51 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு விசாரணையிற் கொட்டாவி விட்டமைக்காகத் தனாக்கா பின்னர் ஏறத்தாழ நாற்பது நாட் சிறையிருந்தார் என்பது வேடிக்கையும் துயரமும் ஒருங்கமைந்த செய்தி. வழக்கோ 1902 இல் முறைப்பிழை காரணமாகத் தள்ளுபடியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் பதவியைத் துறந்திருந்தார். 1901 திசெம்பர் 10 ஆம் நாள், பாராளுமன்றத்தைத் திறந்துவைத்துத் திரும்பிய மெய்சிப் பேரரசரின் வண்டியை நோக்கி விண்ணப்பத்தைக் கையிலேந்தி ஓடினார். காவலர் பிடித்தனர். பித்தர் எனக்கூறி அன்றே விடுவித்தனர். விசாரித்தால் விண்ணப்பத்தையும் வெளியிட நேருமன்றோ?

நஞ்சைத் தடுப்பதினும் வெள்ளத்தைத் தடுப்பது எளிதென அரசு கண்டது. தொனேயும் வத்தராசேயும் கூடும் தாழ்நிலத்தை வெள்ளந்தாங்கும் ஏரியாக்கத் திட்டமிட்டனர். நஞ்சுநீர் தோக்கியோவை அடையாமற் காப்பதே உள்நோக்கம் எனத் தனாக்கா குற்றஞ்சாட்டினார். அந்நிலத்தில் யனாக்கா என்னும் ஊர் இருந்தது. 1904 இல் தனாக்கா அங்கே குடியேறினார். 1906 யூலையில் அவ்வூர் சட்டப்படி இல்லாதொழிந்தது. அப்போது உள்நாட்டமைச்சராயிருந்த கரா தக்காசி, முந்திய ஆண்டிற் புருக்காவாச் சுரங்கக் கம்பனியின் உபதலைவராயிருந்தவர். வெளியேற மறுத்த பதினாறு குடும்பங்களின் வீடுகள் 1907 யூன் இறுதியிலும் யூலைத் தொடக்கத்திலும் இடிக்கப்பட்டன. அக்குடும்பத்தினர் குடிசை கட்டி அங்கேயே பல்லாண்டு தங்கினர். அயலூர்களிலிருந்தும் யனாக்காவிலிருந்தும் 66 குடும்பங்கள் 1911 இல் ஒக்கைடோவின் குளிர்ந்த சரோமாக் காட்டுக்குச் சென்றன. தனாக்கா 1913 செத்தெம்பர் 4 இல் இறந்தார். அவர் பையில் எஞ்சியவை விவிலியத்தின் புதிய ஏற்பாடு, அரசியலமைப்புச் சட்டம், நாட்குறிப்பு, சில கூழாங்கற்கள் முதலியன.

அதன்பின் வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். நஞ்சோ விரைந்து கடக்கவில்லை. 1958 இற் கழிவுமண் அணையொன்று உடைந்து கீழ்நாட்டு வயல்களைக் கெடுத்தது. 1971 இல் நெல்லிற் கட்மியம் காணப்பட்டது. 1973 இற் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டிற் கம்பனி 155 கோடி யென் இழப்பீடு கொடுக்க இசைந்தது. தனாக்கா வினவிய நாளுக்கும் இதற்கும் இடையே 83 ஆண்டுகள்.

வெள்ளந்தாங்கும் நிலம் இன்று நாணற்காடாய்ப் பரந்துகிடக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 33 சதுர கிலோமீற்றர். ஆண்டுதோறும் மார்ச்சில் நாணலை எரிப்பர். எரிந்த நிலத்தில் வெயில் பட, அரிய சதுப்புச் செடிகள் முளைக்கும். 2012 இல் அது இராம்சார் ஈரநிலமாகப் பதிவுபெற்றது. 2020 இற் கீழ்த்திசை நாரை அங்குக் குஞ்சு பொரித்தது. மனிதர் இடித்த ஊரிற் பறவைகள் குடியேறியதை இயற்கையின் வெற்றி என்று மாத்திரம் எழுதுவோர் உளர். அவர் அங்குள்ள நீர்த்தேக்கத்தின் வடிவத்தை நோக்குவாராக. யனாக்காவின் கல்லறைகளும் ஊர்ச் சுவடுகளும் நீரில் மூழ்கலாகாதென வழித்தோன்றல்கள் போராடியமையாலே அதன் கரை உள்ளே வளைந்து, தேக்கம் இருதய வடிவாயிற்று.

மேலே அசியோவில், மண்ணும் விதையும் அடைத்த பைகளைச் சரிவிற் பதித்தும் உலங்குவானூர்தியால் விதைகளைத் தூவியும் மலையைப் பசுமையாக்கி வருகின்றனர். மாணவரும் தொண்டரும் முதுகில் மண் சுமந்து ஏறுகின்றனர். ஒரு தலைமுறையிற் கழுவுண்ட மண் அது. 2011 மார்ச் 11 ஆம் நாட் பூகம்பத்தில் 1958 இல் உடைந்த அதே கழிவுமேடு மீண்டும் சரிந்தது. கீழே ஆற்றுநீரில் ஈயம் அளவுக்கு மிஞ்சிற்று. 2014 மேயிற் பேரரசர் அக்கிகித்தோ சானோ நகர் நூதனசாலைக்கு வந்து, தம் முப்பாட்டனார் கையிற் சேராத அவ்விண்ணப்பத்தைப் பார்வையிட்டார்.